கிராக் பண்ண நெட்வொர்க் மானிட்டரிங் சாஃப்ட்வேர் சர்வர்ல ஓடுது, உண்மையிலேயே எவ்ளோ ரிஸ்க்?

புதுஅட்மின்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வேலைல சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. எனக்கு முன்னாடி இருந்தவரு ஒரு பெரிய கமர்ஷியல் மானிட்டரிங் சாஃப்ட்வேரை கிராக் பண்ணி போட்டுட்டு போயிருக்காரு, ரெண்டு வருஷமா ஓடுது, ஒரு தடவைகூட அப்டேட் பண்ணல. 60 சுவிட்ச், ரெண்டு ஃபயர்வால், 40 சொச்சம் விண்டோஸ் சர்வர் எல்லாத்தையும் அதுதான் கண்காணிக்குது. மேனேஜர்கிட்ட சொன்னா "ஆன்டிவைரஸே ஒண்ணும் சொல்லல, வெறும் கிராஃப் பாக்குற சாஃப்ட்வேர்தானே, அதுல என்ன போயிடப்போகுது"ன்னு கேக்குறாரு, எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியல. லைசென்ஸ் பிரச்சனை தெரியும், அது தனி. செக்யூரிட்டி பக்கம் மட்டும் சொல்லுங்க. அன்இன்ஸ்டால் பண்ணிட்டா போதுமா?

பாக்கெட்பித்தன்:
தம்பி, "வெறும் கிராஃப்"னு சொல்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அந்த கிராஃப் எப்படி வருதுன்னு. விண்டோஸ் சர்வரோட சிபியூ, டிஸ்க் எல்லாம் பாக்கணும்னா அதுக்கு டபிள்யூஎம்ஐ (விண்டோஸை வெளிலேந்து கேட்டுப் பாக்குற வழி) வழியா உள்ள போக ஒரு அக்கவுன்ட் வேணும். பர்மிஷன் ஒவ்வொண்ணா குடுக்க சோம்பல்பட்டு பாதி பேர் டொமைன் அட்மின் (கம்பெனி விண்டோஸ் நெட்வொர்க் முழுக்க அதிகாரம் உள்ள) அக்கவுன்ட்டையே குடுத்துடுவாங்க. சுவிட்சுக்கு எஸ்என்எம்பி ஸ்ட்ரிங் (சுவிட்ச் நிலவரத்தைக் கேக்குற பாஸ்வேர்டு மாதிரி) குடுத்திருப்பீங்க, லினக்ஸுக்கு எஸ்எஸ்எச் கீ (லாகின் சாவி), விஎம்வேருக்கு ஒரு பாஸ்வேர்டு. டேட்டாபேஸ்ல என்க்ரிப்ட் பண்ணித்தான் இருக்கும், ஆனா சாஃப்ட்வேர் அதை எடுத்து யூஸ் பண்ணணுமே, அதனால திறக்குற சாவியும் அதே மெஷின்லதான் இருக்கும். அந்த சர்வர்ல அட்மினா ஓடுற எந்த ப்ரோக்ராமும் அதை எடுத்துடலாம். கிராக் பண்ண எக்ஸி என்னவா ஓடுது? அட்மினாதான்.

அதுக்கு மேல இன்னொண்ணு. மத்த எல்லா மெஷினுக்கும் நடுவுல ஃபயர்வால் ரூல் போட்டு பிரிச்சு வச்சிருப்போம், மானிட்டரிங் சர்வருக்கு மட்டும் எல்லா விலான்லயும் (பிரிச்சு வச்ச நெட்வொர்க் பகுதி) வழி விட்டிருப்போம். எஸ்என்எம்பி ஸ்ட்ரிங் ரீட் ஒன்லியா இருந்தா ஓரளவு தப்பிச்சோம், ரைட் ஸ்ட்ரிங்கா இருந்தா சிஸ்கோ சுவிட்சை அதோட கன்ஃபிகையே வெளில இருக்குற டிஎஃப்டிபி சர்வருக்கு (ஃபைல் வாங்குற சர்வர்) காப்பி பண்ண வைக்கலாம். அந்த கன்ஃபிக்ல டைப் 7 பாஸ்வேர்டு (சிஸ்கோவோட பலவீனமான மறைப்பு முறை) இருந்தா அதை ஒரு நொடில பிரிச்சுடலாம். போட்டோ எடிட்டரை கிராக் பண்ணி போட்டா அந்த ஒரு மெஷின் போகும். இது வீட்டு சாவி, பீரோ சாவி எல்லாத்தையும் ஒரே கொத்தா கோத்து முகம் தெரியாத ஆள் கையில குடுத்த மாதிரி.

சுவிட்ச்காரன்:
அண்ணா சொல்றது அத்தனையும் உண்மை. ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லலைங்கிறாரே மேனேஜர், அதுக்கு நான் பதில் சொல்றேன். பழைய வேலைல நானே கிராக் போட்டவன்தான், அதனால தெரியும். ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டிருப்பான், டவுன்லோடு ஆகும்போது பெரும்பாலான ஸ்கேனரால உள்ள பாக்க முடியாது. உள்ள ஒரு ரீட்மீ, முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, இந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷன்ல போடு" (அதாவது ஸ்கேன் பண்ணாம விடுற லிஸ்ட்ல), அடுத்தது "அட்மினா ரன் பண்ணு", கடைசில "அப்டேட் பண்ணாதே, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல கம்பெனி சைட்டை பிளாக் பண்ணு". ஒரு வைரஸ் உள்ள வர என்னென்ன வேணுமோ அத்தனையும் நம்ம கையாலயே பண்ண வைக்கிறான்! ரெட்லைன், விடார் மாதிரி பாஸ்வேர்டு திருடுற மால்வேர் எல்லாம் நிறைய தடவை இந்த மாதிரி கிராக் சைட் வழியா பரவியிருக்கு.

நான் மாட்டினது எப்படின்னா, ஃபயர்வால் லாக்ல மானிட்டரிங் சர்வர்லேந்து வெளில ஒரே ஐபிக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சின்னச்சின்ன கனெக்ஷன் போயிட்டே இருந்துச்சு. எத்தனை நாளா போச்சுன்னே தெரியல, ஏன்னா அந்த சர்வர் எப்பவுமே எல்லார்கூடவும் பேசிட்டேதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் கிராக்ல மாத்தி வச்ச டிஎல்எல் ஃபைலை (ப்ரோக்ராமோட ஒரு பகுதி) ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல பாத்தா டிஜிட்டல் சிக்னேச்சர் வேலிட் இல்லன்னு காட்டுச்சு. ஒரு பைட் மாத்தினாலே அது உடைஞ்சுடும், கிராக் பண்ணவன் லைசென்ஸ் செக்கை மட்டும்தான் மாத்தினானா, கூட வேற எதையாவது சொருகினானான்னு யார் போய் பாக்குறது.

கேள்விமன்னன்:
ஒரு சந்தேகம். காசு குடுத்து வாங்கினவங்களும்தானே சோலார்விண்ட்ஸ் மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல மாட்டினாங்க? அப்போ ஒரிஜினல் வாங்கி என்ன பிரயோஜனம்?

பாக்கெட்பித்தன்:
நியாயமான கேள்வி. 2020ல சோலார்விண்ட்ஸோட ஒரியன் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குள்ளயே ஹேக்கர்கள் பேக்டோர் (ரகசிய வழி) வச்சு அனுப்பினாங்க, கிட்டத்தட்ட 18,000 கஸ்டமர் அந்த அப்டேட்டை எடுத்தாங்க, உள்ள போனதும் ரெண்டு வாரம் வரைக்கும் சத்தமே இல்லாம இருக்குற மாதிரி எழுதியிருந்தாங்க. அவ்ளோ மெனக்கெட்டு குறிப்பா மானிட்டரிங் சாஃப்ட்வேரை ஏன் பிடிச்சாங்கன்னு யோசிங்க, நான் மேல சொன்ன அதே காரணம்தான். ஆனா டிசம்பர்ல ஃபயர்ஐங்கிற செக்யூரிட்டி கம்பெனி கண்டுபிடிச்சு சொன்னதும் எந்தெந்த வெர்ஷன்ல இருக்கு, ஹாட்ஃபிக்ஸ் (அவசர பேட்ச்) எங்க, என்ன செக் பண்ணணும்னு எல்லாம் வெளில வந்துச்சு. கிராக் போட்டவனுக்கு அப்படி யார் வந்து சொல்லுவா?

பேட்ச் விஷயமும் அப்படித்தான். 2024 ஆகஸ்ட்ல வாட்ஸ்அப் கோல்டுல (WhatsUp Gold, மெசேஜ் ஆப் WhatsApp இல்ல, உச்சரிப்பு மட்டும் ஒரே மாதிரி இருக்குற ஒரு மானிட்டரிங் சாஃப்ட்வேர்) லாகினே இல்லாம உள்ள போற ஓட்டைக்கு பேட்ச் வந்துச்சு, மாசக் கடைசில அதை எப்படி உடைக்கிறதுங்கிற கோடு நெட்ல வந்த அன்னைக்கே அட்டாக் ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு வருஷமா அப்டேட்டே இல்லாத சர்வர் எங்க நிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

புதுஅட்மின்:
அண்ணா, இப்பதான் பாத்தேன், கை நடுங்குது. விண்டோஸ் டிஃபெண்டர் ஆன்டிவைரஸோட எக்ஸ்க்ளூஷன்ல ஒரு ஃபோல்டர் இல்ல, சி டிரைவ் மொத்தமும் இருக்கு. சர்வீஸ் அக்கவுன்ட் டொமைன் அட்மின்ஸ் குரூப்ல. எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி (என்க்ரிப்ஷனே இல்லாதது), 60 சுவிட்சுக்கும் ஒரே ரைட் ஸ்ட்ரிங். இப்ப அன்இன்ஸ்டால் பண்ணவா?

பாக்கெட்பித்தன்:
வேண்டாம், ஷட்டவுனும் பண்ணாதீங்க, மெமரில இருக்குறது அழிஞ்சுடும். நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவுங்க, விஎம்மா (வர்ச்சுவல் மெஷின்) இருந்தா நெட்வொர்க் அடாப்டரை டிஸ்கனெக்ட் பண்ணிட்டு மெமரியோட சேத்து ஸ்னாப்ஷாட் எடுங்க. அந்த சர்வீஸ் அக்கவுன்ட்டை உடனே டிசேபிள் பண்ணுங்க. ஃபயர்வால் லாக், டிஎன்எஸ் லாக் எவ்ளோ நாளுக்கு இருக்கோ அவ்ளோவும் வேற இடத்துக்கு எடுத்து வைங்க, இல்லன்னா பழசு மேல புதுசு எழுதிடும். அப்புறம் பாஸ்வேர்டு, இதை வேற சுத்தமான மெஷின்லேந்து பண்ணுங்க. அந்த சர்வர்ல சேவ் ஆன எல்லாமே போச்சுன்னு வச்சுக்கிட்டு மாத்தணும், டொமைன் அட்மின் எல்லாரோடதும், கேஆர்பிடிஜிடி அக்கவுன்ட் (டொமைன்ல லாகின் டிக்கெட்டுக்கு கையெழுத்து போடுறது) பாஸ்வேர்டு ரெண்டு தடவை, ரெண்டுக்கும் நடுவுல பத்து மணி நேரத்துக்கு மேல இடைவெளி விட்டு. அந்த சர்வரை சுத்தம் பண்ணிப் பாக்கவே வேண்டாம், ஃபார்மட் பண்ணி புதுசா போடுங்க.

சுவிட்ச்காரன்:
அதுக்கு பதிலா ஜாபிக்ஸ் இல்லன்னா லிப்ரெஎன்எம்எஸ் மானிட்டரிங் சாஃப்ட்வேர் போடுங்க, ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் செலவே இல்ல. பிஆர்டிஜின்னு இன்னொரு மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல 100 சென்சார் வரைக்கும் ஃப்ரீ, ஆனா ஒரு போர்ட்டோட ட்ராஃபிக்கே ஒரு சென்சார், 60 சுவிட்சுக்கு பத்தவே பத்தாது. சுவிட்ச்ல எஸ்என்எம்பி வி3 ரீட் ஒன்லியா, என்க்ரிப்ஷனோட போடுங்க, புது சர்வர் ஐபிலேந்து மட்டும் பதில் சொல்ற மாதிரி ஏசிஎல் (யார் பேசலாம்ங்கிற ரூல்) வைங்க.

புதுஅட்மின்:
கேபிள் எடுத்துட்டேன், அக்கவுன்ட் டிசேபிள் பண்ணியாச்சு. மேனேஜர்கிட்ட அந்த எக்ஸ்க்ளூஷன் ஸ்க்ரீனைத்தான் காட்டினேன், ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "என்ன வேணுமோ பண்ணு"ன்னுட்டாரு. ஒரே ஒரு டவுட், டிவைஸ் லிஸ்ட்டுக்காக பழைய டேட்டாபேஸ் பேக்கப்பை புது சர்வர்ல ரீஸ்டோர் பண்ணலாமா?

பாக்கெட்பித்தன்:
வேண்டாம் தம்பி, அந்த சர்வர்லேந்து வந்த எதையும் நம்ப முடியாது. சுவிட்சோட ஏஆர்பி டேபிள்லயும் (எந்த ஐபி எந்த மெஷின்னு குறிச்சு வைக்கிறது) டிஎச்சிபிலயும் (ஐபி குடுக்குற சர்வர்) லிஸ்ட் எடுங்க, இல்ல புது டூல்லயே டிஸ்கவரி ஓட விடுங்க. நாளைக்கு அந்த ஃபயர்வால் லாக்ல பழைய சர்வர்லேந்து வெளில போன ஐபிய மட்டும் எடுத்து இங்க போடுங்க, சேர்ந்து பாப்போம்.