2006 மாடல் லேப்டாப்பில் டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ்: எதைப் போடுவது, எங்கே சிக்கும்?

கருந்திரை:

வணக்கம். இரண்டு பழைய லேப்டாப்கள் இருக்கின்றன.

ஒன்று திங்க்பேட் எக்ஸ்60. இன்டெல் கோர் டூயோ டி2400, 1 ஜிபி ரேம், 60 ஜிபி டிஸ்க், இன்டெல் 3945ஏபிஜி வைஃபை. இது எழுதுவதற்கும், எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு மெஷினுக்குள் போய் வேலை பார்ப்பதற்கும்.

இன்னொன்று ஆட்டம் என்270 போட்ட 10 அங்குல நெட்புக். 1 ஜிபி ரேம், 160 ஜிபி டிஸ்க், ஏதெரோஸ் வைஃபை. மூடியைச் சாத்தி ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, பேக்கப் எடுக்க மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இரண்டிலும் கட்டளைத் திரை மட்டும் போதும். நெட்புக்கில் சோதனையாக டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை வைஃபை வழியாக நிறுவியதில் மூன்று தடங்கல்கள். ரீபூட்டுக்குப் பிறகு வைஃபை இல்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவை அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. மொபைலைக் கேபிளில் இணைத்து, மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கொடுத்தால் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகும் தேதிக்கு வரவில்லை என்று நிற்கிறது. எது தவறு? டெபியன் 12 சரியான தேர்வுதானா? கன்சோலில் தமிழ் படிக்கவும் எழுதவும் வழி உண்டா?

வேர்க்கணக்கு:

தேர்வு சரிதான். டி2400, என்270 இரண்டுமே 32 பிட் மட்டும் ஓடும் பிராசசர்கள். இதே எக்ஸ்60 கோர் 2 டூயோவுடனும் வந்தது, அது 64 பிட். பெயரில் அந்த '2' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான கோப்பு) இறக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸில் பூட் செய்து எல்எஸ்சிபியு கொடுங்கள். கொடிகள் வரிசையில் 'எல்எம்' இருந்தால் 64 பிட். அந்த மெஷினுக்கு டெபியன் 13-ஐ யோசிக்காமல் போடலாம்.

32 பிட்டில் வழி குறுகிவிட்டது. ஆர்ச் 2017-லேயே கைவிட்டது. உபுண்டுவும் ஃபெடோராவும் 2019-ல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, லினக்ஸின் மையமான கெர்னலும் இல்லை. டெபியன் 12-க்கு எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் இறுதி வரை. அதன் ஐஎஸ்ஓ இப்போது டெபியன் தளத்தின் ஆர்க்கைவ் பகுதியில் இருக்கும். ஐ386 (32 பிட்) நெட்இன்ஸ்ட் என்பதை எடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆப்ட்டின் சோர்சஸ் லிஸ்டில் 'புக்வார்ம்' (டெபியன் 12) என்பதை 'ட்ரிக்ஸி' (டெபியன் 13) என்று மாற்றி அப்கிரேடு கொடுக்காதீர்கள். நிரல்கள் புதிதாகும், கெர்னல் பழையதாகவே நின்றுவிடும், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது.

சூடோ விஷயம் பிழை அல்ல. நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஏதாவது கொடுத்தால், டெபியன் சூடோவை நிறுவாது. அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டால்தான் சூடோ வரும், உங்கள் கணக்கும் அதில் சேரும். மறுபடி நிறுவ வேண்டியதில்லை. 'எஸ்யு' அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு போட்டு ரூட்டுக்குள் போங்கள். அந்தச் சிறுகோடு இல்லாமல் போனால், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவு கட்டளைகளைத் தேடும் பாதையில் சேராது. ஆட்யூசர், அப்டேட்-க்ரப், ரீபூட் எல்லாமே 'இல்லை' என்றுதான் சொல்லும். உள்ளே போனதும் ஆப்ட் வழியாகச் சூடோவை நிறுவி, ஆட்யூசர் கட்டளையால் உங்கள் பெயரை சூடோ குழுவில் சேருங்கள். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் அது அமலுக்கு வரும்.

எக்ஸ்60-ல் நிறுவும்போது கவனிக்க வேண்டியவை:

பென்டிரைவில் எழுத லினக்ஸ் என்றால் டிடி கட்டளை. விண்டோஸில் ரூஃபஸ் என்றால், கேட்கும்போது டிடி இமேஜ் முறையைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தினால் பூட் பட்டியல் வரும். கிராஃபிக்கல் இன்ஸ்டால் வேண்டாம், வெறும் இன்ஸ்டால் போதும். பார்ட்டிஷனில் எல்லாவற்றுக்கும் ஒரே ரூட் பகுதி, எக்ஸ்ட்4 வடிவில், அதோடு ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் 1 ஜிபி. 60 ஜிபி டிஸ்க்கை ஹோம், வார் என்று துண்டு போடுவதில் லாபம் இல்லை. ஒரு துண்டு நிரம்பும்போது இன்னொன்று காலியாகக் கிடக்கும்.

கடைசியில் எந்தெந்த மென்பொருள் என்று கேட்கும் திரையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'டெபியன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்', 'நோம்' இரண்டுக்கும் முன்னால் நட்சத்திரம் இருக்கும். நோமை மட்டும் எடுத்துவிட்டு மேலே உள்ளதை விட்டால் டெஸ்க்டாப் இறங்கத்தான் செய்யும். இரண்டையும் ஸ்பேஸ்பாரால் எடுங்கள். என்டர் தட்டினால் குறி மாறாது, அந்தத் தேர்வையே ஏற்றுக்கொண்டு டவுன்லோடு தொடங்கிவிடும். எஸ்எஸ்ஹெச் சர்வர், ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுடிலிட்டீஸ் இரண்டு மட்டும் இருக்கட்டும்.

சாலிடர்:

ரிலீஸ் ஃபைல் பிரச்சினைக்கு டெபியன் காரணம் இல்லீங்க. மதர்போர்டுல கடிகாரத்தை ஓட வைக்கிற சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். 'டேட்'னு அடிச்சுப் பாருங்க, பல வருஷம் பின்னாடி காட்டும். கடிகாரம் பின்னாடி இருந்தா ஆப்ட்டுக்கு ரிலீஸ் ஃபைல் எதிர்காலத்துல எழுதுன மாதிரி தெரியும், ஏத்துக்காது. இதே காரணத்துக்காக ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழும் செல்லாதுன்னு வரும்.

உடனடி வழி: ரூட்டா இருந்து 'டேட்', சிறுகோடு 'எஸ்', அப்புறம் மேற்கோள் குறிக்குள்ள வருஷம்-மாசம்-தேதி, மணி:நிமிஷம் கொடுங்க. அடுத்து 'ஹெச்டபிள்யூக்ளாக்' கட்டளையோட சிறுகோடு 'டபிள்யூ' போட்டு அதை ஹார்டுவேர் கடிகாரத்துல எழுதுங்க. நெட் வந்த பிறகு டைம்சிங்க்டி நேரத்தைத் தானா சரி பண்ணிக்கும்.

நிரந்தர வழி பேட்டரி மாத்துறது. பெரும்பாலும் சிஆர்2032 செல்தான். ஆனா லேப்டாப்ல அதை மஞ்சள் உறைக்குள்ள வெச்சு, சிவப்பு கருப்பு ரெண்டு வயர் பற்றவெச்சு, சின்ன பிளக்கோட வெச்சிருப்பாங்க. வயரோட சேர்த்தே வாங்குங்க. வெறும் செல் மேல நேரடியா சாலிடர் வெச்சா சூட்டுல செல் ஊதிடும்.

மெஷின் 24 மணி நேரமும் ஓடப் போகுதுன்னா நிறுவுறதுக்கு முன்னாடியே ரெண்டு சோதனை பண்ணிடணும். ஒண்ணு, டிஸ்க் நல்லா இருக்கான்னு பார்க்கிற ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு ஸ்மார்ட்சிடிஎல், சிறுகோடு 'ஏ', டிஸ்க் பெயர். அதுல 'கரண்ட் பெண்டிங் செக்டார்' வரிசையோட கடைசி எண் 0-க்கு மேல இருந்தா அந்த டிஸ்க்ல பேக்கப் வைக்காதீங்க. 'ரீஅலகேட்டட்' எண் கொஞ்சம் இருந்து ஏறாம நின்னா இன்னும் கொஞ்ச காலம் ஓடும், வாரா வாரம் பார்க்கணும். ரெண்டாவது, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க. ரேம்ல ஒரு பிட் தப்பானாலும் பேக்கப் சத்தமில்லாம கெட்டுப்போகும், மெஷின் எப்பவும் போல ஓடிட்டிருக்கும்.

எக்ஸ்60-க்கு ரேம் கூட்டணும்னா டிடிஆர்2 பிசி2-5300, 200 பின். 2 ஜிபி போடுங்க. 4 ஜிபி போட்டாலும் 945 சிப்செட் 3 ஜிபி அளவுக்குத்தான் காட்டும். முந்தின தலைமுறை டிடிஆர்1 ரேமும் 200 பின்தான், ஆனா வெட்டு இருக்கிற இடம் வேற. அமுக்கி ஏத்தப் பார்க்காதீங்க. வைஃபை கார்டு மாத்துற எண்ணம் இருந்தா, அந்த பயாஸ் தன் பட்டியல்ல இல்லாத கார்டைப் பார்த்தா 1802 எண்ணோட நின்னுடும். 3945-ஐ அப்படியே விடுங்க.

கருந்திரை:

நன்றி. தேதி 2008-ல் இருந்தது, சரிசெய்ததும் ஆப்ட் ஓடியது. சூடோவும் வந்துவிட்டது. வைஃபை இன்னும் இல்லை. மொபைல் கேபிள் இணைப்பும் ஒவ்வொரு முறை செருகும்போதும் புதுப் பெயரில் வருகிறது, நேற்று எழுதிய அமைப்பு இன்று வேலை செய்யவில்லை.

வேர்க்கணக்கு:

சில மொபைல்கள் டெதரிங் தொடங்கும்போதெல்லாம் புது மேக் முகவரியை (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) உருவாக்கிக்கொள்ளும். 'இஎன்எக்ஸ்' என்ற முன்னொட்டுடன் அந்த முகவரியைச் சேர்த்துத்தான் டெபியன் பெயர் வைக்கிறது, அதனால் பெயரும் மாறுகிறது. அவசரத்துக்கு 'ஐபி லிங்க்' கொடுத்து அன்றைய பெயரைப் பார்த்து, அந்தப் பெயரோடு, ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்கிளையன்ட் அடித்தால் போதும்.

நிலையாக வேண்டுமென்றால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவை. ஈடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் அடைவில் '.நெட்வொர்க்' என்று முடியும் கோப்பு ஒன்று. 'மேட்ச்' பகுதியில் 'நேம்' என்பதற்கு 'இஎன்எக்ஸ்' எழுதி நட்சத்திரம், 'நெட்வொர்க்' பகுதியில் டிஹெச்சிபி 'யெஸ்'. நான்கே வரி. பிறகு சிஸ்டம்சிடிஎல்லில் அந்தச் சேவையை எனேபிள் செய்யுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. டெபியன் 12-லிருந்து, தளப் பெயர்களைத் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டி தனிப் பொதி. அது இல்லாமல் நெட்வொர்க்டியை மட்டும் ஓட்டினால் ஐபி முகவரி கிடைக்கும், பிங் 8.8.8.8 போகும், தளப் பெயர் எதுவும் திறக்காது. ரிசால்வ்டியை நிறுவிய கணத்தில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு அதன் கைக்குப் போவதால் பெயர்த் தேடல் பாதியில் அறுந்துபோகலாம். அதனால் தேவையான மற்றப் பொதிகளை முதலில் இறக்கிவிட்டு, இதைக் கடைசியாக நிறுவி ரீபூட் செய்யுங்கள்.

வைஃபைக்கு வருவோம். முதலில் வைஃபை பாஸ்வேர்டைக் கையாளும் டபிள்யூபிஏசப்ளிகன்ட் நிறுவியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மொபைல் வழியாக நிறுவுங்கள். ஈடிசி, நெட்வொர்க் அடைவிலுள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் வைஃபை சாதனத்தின் பெயரில் டிஹெச்சிபி பதிவு, கீழே டபிள்யூபிஏ-எஸ்எஸ்ஐடி, டபிள்யூபிஏ-பிஎஸ்கே இரண்டு வரிகள். பாஸ்வேர்டு திறந்தபடி இருப்பதால் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) வையுங்கள். மேல்வரியில் 'ஆட்டோ' போடாதீர்கள், 'அலவ்-ஹாட்பிளக்' போடுங்கள். ஆட்டோ போட்டு, ரவுட்டர் அணைந்திருந்தால் பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காக 5 நிமிடம் வரை காத்து நிற்கும்.

என்270 நெட்புக்கில் இருக்கும் அந்தக் காலத்து ஏதெரோஸ் கார்டு பெரும்பாலும் ஏடிஹெச்5கே டிரைவரில் ஓடும். அதற்கு ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) வேண்டாம். எக்ஸ்60-ன் 3945-க்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை வேண்டும், டெபியன் 12 ஐஎஸ்ஓவிலேயே அது சேர்ந்து வருகிறது. இரண்டுக்கும் ரவுட்டரில் டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று பூட்டியிருந்தால் இந்த அமைப்பில் ஒட்டாது. மொபைல் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் நெட்புக் கண்ணுக்கே தெரியாது, 2.4-க்கு மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்திலேயே வைக்கப் போகும் பேக்கப் மெஷினுக்கு வைஃபை எதற்கு? ஈதர்நெட் கேபிள் போடுங்கள்.

மூடியைச் சாத்தினால் தூங்கிவிடாமல் இருக்க, ஈடிசி, சிஸ்டம்டி அடைவில் லாகின்டி.கான்ஃப் கோப்பைத் திறந்து ஹேண்டில்லிட்ஸ்விட்ச் வரியின் முன்னாலுள்ள எண்குறியை நீக்கி 'இக்னோர்' என்று மாற்றுங்கள். லினக்ஸைப் பூட் செய்யும் க்ரப்பின் அமைப்பில் கெர்னல் வரியில் கன்சோல்பிளாங்க் = 60 சேர்த்து அப்டேட்-க்ரப் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் திரை இருண்டுவிடும்.

1 ஜிபி ரேமுக்கு, ரேமிலேயே சுருக்கிய ஸ்வாப் அமைக்கும் இசட்ரேம்-டூல்ஸ் போடுவது நல்லது. ஈடிசி, டிஃபால்ட் அடைவில் இசட்ரேம்ஸ்வாப் கோப்பு. அதில் அல்காரிதம் எல்இசட்4, பெர்சென்ட் 50. இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் ஆட்டத்துக்கு அது சுமை. கோப்பைப் படிக்கும்போதெல்லாம் நேரத்தை டிஸ்க்கில் எழுதாமல் இருக்க, எஃப்எஸ்டேப்பில் ரூட் வரியில் நோஏடைம் சேருங்கள்.

ஆப்ட்டில் ஒவ்வொரு பொதி நிறுவியதும் 'மேன்-டிபி' என்ற வரியில் மெஷின் அசையாமல் நிற்பதைப் பார்ப்பீர்கள். கையேட்டுப் பக்கங்களுக்கு அட்டவணை போடும் வேலை அது. வார், லிப், மேன்-டிபி அடைவில் ஆட்டோ-அப்டேட் என்ற வெற்றுக் கோப்பை நீக்கினால் நின்றுவிடும். மேன் கட்டளை வழக்கம்போல ஓடும், கையேடுகளைத் தேடும் அப்ரபோஸில் மட்டும் புதுப் பக்கங்கள் உடனே வராது. பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதை 'டெப்' (இந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும்) ஆக்கினால் கெர்னல் அப்டேட் நேரம் குறையும் என்று பலர் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். பழைய மெஷின் என்றாவது ஒருநாள் நின்றுபோகும். அன்று டிஸ்க்கை வேறிடத்தில் மாட்டி எழுப்ப வேண்டியிருக்கும் என்பதால் அந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உயிர்மெய்:

தமிழ் பற்றி. லினக்ஸின் வெறும் கன்சோலில் தமிழ் சரியாக வராது, எந்த எழுத்துருவை ஏற்றினாலும். ஒரு நேரத்தில் 512 குறிகளுக்கு மேல் அதில் ஏற்ற முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையைக் கன்சோல் செய்வதே இல்லை என்பது. 'கொ' என்பது கணினியில் ககரம், பின்னால் ஒகரக் குறி என்று இரண்டு புள்ளிகளாக இருக்கிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னும் பின்னும் போய் உட்கார வேண்டும். கன்சோலோ ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம் என்று இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகும். கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கும், கண்ணுக்குத்தான் கட்டம் கட்டமாகத் தெரியும். லொகேல் (மொழி அமைப்பு) மட்டும் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும்.

நெட்புக்குக்கு இது பிரச்சினையே அல்ல. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் எழுத்தைக் காட்டுவது அந்தக் கணினியின் டெர்மினல்தான்.

எழுதும் மெஷினான எக்ஸ்60-க்கு டெஸ்க்டாப் போடாமலே வழி இருக்கிறது. எக்ஸ்ஆர்க் (வரைகலைத் திரை), அதைத் தொடங்கும் எக்ஸ்இனிட், எம்எல்டெர்ம் என்ற டெர்மினல், லோஹித் தமிழ் எழுத்துரு ஆகிய நான்கை மட்டும் ஆப்ட்டில் நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் விருப்பத்தோடு நிறுவுங்கள். எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் எம்எல்டெர்ம் என்று ஒரே வரி. தமிழ் வேண்டும்போது ஸ்டார்ட்எக்ஸ், முடிந்ததும் வெளியேறினால் பழைய கருந்திரை. எம்எல்டெர்ம் அமைப்பில் ஓபன்டைப் லேயவுட்டை ஆன் செய்ய மறக்காதீர்கள், அதுதான் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைப்பது. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற தனி உள்ளீட்டு மென்பொருள் தேவையில்லை. எம்எல்டெர்முக்கென்றே எம்17என் உள்ளீட்டுப் பொதி தனியாக உண்டு, அதில் தமிழ்99 விசைப்பலகை முறை இருக்கிறது. எக்ஸ்ஆர்க்கின் விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியில் உள்ள தமிழ்நெட்99 விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு விசைக்கு ஒரு எழுத்துதான் வரும். ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என்று தானாகப் புள்ளி விழுவது எம்17என்னில்தான்.

வேர்க்கணக்கு:

எக்ஸ்ஆர்க்கைக் கடைசியில் போடுங்கள். அதற்கு முன் வெறும் கன்சோலில் 'ஃப்ரீ', சிறுகோடு 'எம்' கொடுத்து ரேம் எவ்வளவு போகிறது என்று குறித்துவைத்தால், பின்னால் மெஷின் மந்தமாகும்போது எது தின்கிறது என்று ஒப்பிட முடியும். கன்சோல் எழுத்து சின்னதாக இருந்தால் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கொடுத்து கன்சோல்-செட்டப்பைத் திறந்து டெர்மினஸ்போல்டு தேர்ந்தெடுங்கள். 12 அங்குலத் திரையில் 12×24 அளவு கண்ணுக்கு உறுத்தாது.