கன்னிமாராவை விரிவாக்குவது: புத்தகத்தை வெளியே அனுப்பலாமா?

எழும்பூர்வாசி:
சென்னை எழும்பூரின் கன்னிமாரா நூலகத்தை விரிவாக்க வேண்டும் என்றால் எல்லோரும் இன்னொரு கட்டடம் என்கிறார்கள். 1896இல் திறந்த நூலகம், இருப்பதோ அருங்காட்சியக வளாகம். சுற்றிலும் கைவைக்க முடியாத பழைய கட்டடங்கள். எந்தப் பக்கம் நீட்டுவது? யாரும் கேட்காத நூல்களை ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் வைத்துவிட்டு, காலியாகும் தளத்தில் மேசை நாற்காலி போடலாம். பிரிட்டிஷ் நூலகம்கூடத் தன் நூல்களில் பெரும் பங்கை லண்டனில் வைக்காமல் யார்க்‌ஷயரில்தான் வைத்திருக்கிறது.

பழுப்புத்தாள்:
"யாரும் கேட்காத" என்று யார் முடிவு செய்வது? 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கன்னிமாராவுக்கு வந்தாக வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லி, அப்புறம் நம்மூர், மொத்தம் நான்கே இடம். நாற்பது வருடம் கழித்து ஒருவர் தேடி வருவார் என்பதற்காகத்தானே அதை வாங்கி வைப்பதே?

நியூயார்க் பொது நூலகமும் உங்கள் கணக்கைத்தான் போட்டது. நூல் அடுக்குகளைக் காலி செய்து, நூல்களை நியூ ஜெர்சிக்கு அனுப்பி, அந்த இடத்தில் இரவல் பிரிவு வைப்பதாகத் திட்டம். எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் சண்டை போட்டார்கள், வழக்குப் போட்டார்கள். 2014இல் கைவிட்டார்கள்.

எழும்பூர்வாசி:
பாதிக் கதை சொல்கிறீர்கள். திட்டத்தைக் கைவிட்ட பிறகும் நூல்கள் அந்த அடுக்குகளுக்குத் திரும்பவில்லை. பக்கத்துப் பூங்காவின் அடியில் இருந்த கிடங்கை விரிவாக்கி அங்கே வைத்தார்கள். நியூ ஜெர்சிக் கிடங்கும் மூடப்படவில்லை.

குரூப்டூ:
பழுப்பு சார், நாற்பது வருடம் கழித்து வருபவருக்கு அலமாரி, இன்றைக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவனுக்கு உட்காரப் படிக்கட்டா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவன் லைட் போட்டால் இன்னொருவன் திட்டுவான்.

பழுப்புத்தாள்:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் படிப்பது உங்கள் பையில் இருக்கும் புத்தகத்தை. உங்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த மாதிரிக் கூடத்தை எந்த மாநகராட்சிக் கட்டடத்திலும் திறக்கலாம். 1896இன் அலமாரியை எங்கே திறப்பீர்கள்?

குரூப்டூ:
செங்கல்பட்டிலிருந்து வருபவனும் எழும்பூரில் இறங்கி நடந்தே வந்துவிடலாம் சார். கோட்டூர்புரம் என்றால் இன்னொரு வண்டி மாற வேண்டும். எங்கள் வீட்டுச் சொத்து வரியிலும் நூலக வரி பிடிக்கிறார்கள், நாங்கள் ஒன்றும் ஓசியில் கேட்கவில்லை.

கம்பிகட்டி:
நான் கட்டட வேலை பார்ப்பவன். புத்தகம் மாதிரிப் பாரமான சரக்கு குறைவு. தண்டவாளத்தில் நகரும் அலமாரி வைத்தால் நடுவில் விடும் சந்துகள் மிச்சமாகி, அதே இடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு அடுக்கலாம். ஆனால் தளம் தாங்க வேண்டுமே! அலுவலகத்துக்கென்று போட்ட தளத்தில் அதை வைக்கவே கூடாது. அப்புறம் நியூயார்க்கைக் காட்டிப் பூமிக்கடியில் தோண்டலாம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா?

எழும்பூர்வாசி:
அதனால்தான் ஊருக்கு வெளியே, மேடான இடத்தில், முதலிலேயே அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டலாம் என்கிறேன். காலையில் கேட்டால் மறுநாள் வண்டியில் வந்துவிட வேண்டும்.

பழுப்புத்தாள்:
வேறொரு நூலகத்தில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரிதான் சொன்னார்கள். மூட்டை கட்டி அனுப்பினார்கள். நான் கேட்ட 1930களின் இதழ் எந்த மூட்டையில் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். ஒரே நூலுக்கு நாலைந்து பிரதி இருந்தால் கூடுதல் பிரதிகளை அனுப்புங்கள். மற்றதில், பட்டியலில் ஏறாத நூல் ஒன்றுகூட வண்டியில் ஏறக்கூடாது.

எழும்பூர்வாசி:
ஒப்புக்கொள்கிறேன். பட்டியலும் இணையத்தில் தேடும்படி இருக்க வேண்டும்.

குரூப்டூ:
நல்லது. பட்டியல் போட எத்தனை வருடம் ஆகும் என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு வயது வரம்பு இருக்கிறது.