ஒப்பந்தத்தில் ஒரு பெயர், வீட்டில் மூன்று பேர்

பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து வாடகை வீடு பிடிக்க நினைப்பவர்களுக்கு, அட்வான்ஸ் விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இந்த ஊரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம்; பேசிப் பார்த்தால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் உண்டு. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லும் என்பதால், வீடு பார்க்கும் இடத்தில் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை.

பி.டி.எம். லேஅவுட்டில் நாங்கள் மூவர் எடுத்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 30,000 ரூபாய், அட்வான்ஸ் 3 லட்சம். ஆளுக்கு ஒரு லட்சம் போட்டோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், வழக்கம்போல் 11 மாதத்துக்கே ஒப்பந்தம் எழுதினார்கள். வீட்டுக்கார அம்மா, "யாரு வந்தாலும் போனாலும் எனக்கு நீங்கதான் பொறுப்பு தம்பி" என்று சொல்லி, என் பெயரை மட்டும் அதில் போடச் செய்தார்.

ஒருவர் வேலை மாறிப் புனேவுக்குப் போனபோது, கரூரிலிருந்து வந்த தம்பி அவருக்கு ஒரு லட்சத்தைக் கொடுத்து அந்த இடத்துக்கு வந்தார். இங்கே எல்லாரும் செய்வது இதுதான். உரிமையாளரின் கணக்கில் எதுவும் அசையாது. ஆனால் போகிறவர் முழுப் பணத்தோடு போய்விடுகிறார், அவர் இருந்த காலத்தின் தேய்மானம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்பது காலி செய்யும் நாளில்தான் கண்முன் வந்து நின்றது. பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே எழுதாத விதி. அதற்கு மேல், பால்கனிக் கதவின் அடிப்பக்கம் மழையில் ஊறி, பலகை ஏடு ஏடாக உப்பிக் கிடந்ததற்கும் தனியாகப் பிடித்தார்கள். "அண்ணா, நான் வந்தப்பவே கதவு இப்படித்தானே இருந்துச்சு?" என்று அந்தத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. கதவுக்கான தொகையிலிருந்து அவரை விலக்கிவிட்டு, பெயின்ட் செலவை ஒவ்வொருவரும் தங்கிய மாதங்களுக்கு ஏற்பப் பிரித்தோம். புனேவிலிருந்த நண்பரும் தன் பங்கை அன்றே அனுப்பிவைத்தார். எல்லாருக்கும் இப்படிப்பட்ட நண்பர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த வீட்டில் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். விலகுபவர் பெயின்ட் செலவில் தன் மாதங்களுக்குரிய தொகையை விட்டுச்செல்ல வேண்டும். புதியவர் வரும் நாளில் சுவர், கதவு, குழாய் அனைத்தையும் படமெடுத்து உரிமையாளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றோம். சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படிக்கு (HRA) வருமான வரி விலக்குக் கேட்கும்போது அவரவர் பெயரில் ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால் அலுவலகத்தில் கேள்வி வராது என்று எடுத்துச் சொன்னதும் உரிமையாளர் மறுக்கவில்லை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் தேவைப்படும். அதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

மின்சாரத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். ஆனால் மின் இணைப்பின் அடையாள எண்ணான ஆர்.ஆர். எண்ணோடு யாராவது ஒருவரின் ஆதார் சேர்க்கப்பட்டிருக்கும். அவர் வீட்டை விட்டுப் போகும்போது, அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே அதை விடுவித்து, இருப்பவர் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.