சோவியத் காலத்தில் கப்பல், துறைமுக, ஆற்றுப் பொறியாளர்களை எப்படிப் பயிற்றுவித்தார்கள்?

நங்கூரம்:
வணக்கம். நான் துறைமுகக் கிரேன் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் புராஜெக்டுக்கு ஆலோசகராக வந்திருப்பவர் உக்ரைன்காரர், 1980களில் ஒடேசாவில் படித்தவர். அவர் டிப்ளமாவில் மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று இருக்கிறது. படித்த இடத்தின் பெயரில் 'கடல் கப்பல் துறை' என்றும் இருக்கிறது. ஆனால் மனிதர் கப்பலில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லையாம். இது எப்படி?

வயர் ரோப், கியர் பாக்ஸ் கணக்கெல்லாம் கால்குலேட்டரை வைத்தே போட்டு முடித்துவிடுகிறார். டிராயிங்கில் பார்டர் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார். அந்தக் காலப் படிப்பு எப்படி இருந்தது? பாதி நேரம் கம்யூனிச வகுப்பிலேயே போய்விடும் என்று ஒருவர் சொன்னாரே, நிஜமா? ஆற்றுக் கப்பலுக்கும் இதே படிப்புதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஒடேசாக்காரன்:
தம்பி, உங்கள் ஆலோசகர் சொல்வது சரிதான். நானும் அந்த ஊரில் படித்தவன். 1982-ல் போனேன். ஒரு வருடம் ரஷ்ய மொழி, அப்புறம் ஐந்து வருடம் துறைமுக இயந்திரப் படிப்பு.

ஒடேசாவில் இரண்டு வேறு வேறு இடங்கள் உண்டு, வெளியாட்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று மெச்னிகோவ் தெருவில் இருந்த கடல் கப்பல் துறைப் பொறியாளர் இன்ஸ்டிடியூட், 1930-ல் வந்தது. துறைமுக இயந்திரம், துறைமுகக் கட்டுமானம், கப்பல் கட்டுதல், போக்குவரத்துப் பொருளாதாரம் எல்லாம் அங்கே. பெரும்பாலும் கரையில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கான இடம். இன்னொன்று தித்ரிக்சன் தெருவில் இருந்த உயர் கடல்சார் பொறியியல் பள்ளி, 1944-ல் போர் முடிவதற்கு முன்பே தொடங்கியது. அங்கே படிப்பவன் கேடட். சீருடை, அணிவகுப்பு, அரசாங்கச் சாப்பாடு. கப்பலின் இன்ஜின் ரூமுக்கும், கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜுக்கும் போகிறவன் அவன்தான். இரண்டு பேரும் மெக்கானிக்கல் இன்ஜினியர்தான், ஆனால் ஒருவன் வேலையை இன்னொருவன் செய்ய முடியாது.

ஏன் இவ்வளவு பிரிவினை? 1928-ல் ஷாக்தி வழக்கு நடந்தது. தொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர்கள் நாசவேலை செய்தார்கள் என்று குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். பழைய படித்த வர்க்கத்தை நம்ப முடியாது, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளை வேகமாகப் பொறியாளர் ஆக்கு என்பதுதான் அதன் பிறகு கட்சியின் போக்கு. 1930-ல் பல துறைகள் கொண்ட பெரிய கல்வி நிலையங்களை உடைத்து, துண்டு துண்டாக அந்தந்தத் தொழில் துறையிடம் கொடுத்தார்கள். லெனின்கிராட் நீர்ப் போக்குவரத்து இன்ஸ்டிடியூட், கார்க்கி நகரத்து இன்ஸ்டிடியூட், எங்கள் ஒடேசா, மூன்றுக்கும் 1930தான் பிறந்த வருடம். அன்றிலிருந்து கல்லூரிக்கு முதலாளி யார் என்றால், நாளைக்கு உனக்கு வேலை கொடுக்கப் போகும் அமைச்சகமே. எத்தனை கிரேன் இன்ஜினியர், எத்தனை டீசல் இன்ஜினியர் வேண்டும் என்று திட்டம் போட்டு, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப சீட் வைப்பார்கள். காலியாகப் போகும் நாற்காலிக்கு ஆளைச் செய்து அனுப்புவது, அவ்வளவுதான். நல்லது கெட்டது எல்லாம் இதிலிருந்தே வந்தது என்பது என் கணிப்பு.

முதல் இரண்டு வருடம் எங்கும் உள்ளதுதான்: கணிதம், இயற்பியல், வரைகலை, விசையியல். பொருள்களின் வலிமை என்ற பாடத்தைப் பார்த்து எல்லோரும் நடுங்குவார்கள். அதில் பாஸ் பண்ணிவிட்டால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்பது அந்த நாடு முழுக்க மாணவர்கள் சொல்லும் பேச்சு. அப்புறம் கோர்ஸ் புராஜெக்ட். முதலில் ஒரு கியர் பாக்ஸ். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்கள் கொடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுத வழியில்லை. பல் உடையுமா, தண்டு வளையுமா, பேரிங் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எல்லாவற்றையும் கையால் போட வேண்டும். கால்குலேட்டரை வைத்தே முடிக்கிறார் என்றீர்களே, பழக்கம் இங்கிருந்து வந்ததுதான். என்னிடம் 'எலெக்த்ரோனிகா பி3-34' என்ற புரோகிராம் போடும் கால்குலேட்டர் இருந்தது. மொத்தம் 98 ஸ்டெப்புக்குள் புரோகிராமை அடக்க வேண்டும்.

துறைமுகத்தில் பயிற்சிக்குப் போனால் ஹங்கேரிக்காரர்களின் கான்ஸ், கிழக்கு ஜெர்மனியின் அல்பாட்ராஸ், லெனின்கிராடில் செய்த கிரோவெட்ஸ் என்று போர்ட்டல் கிரேன்கள் வரிசையாக நிற்கும். வகுப்பில் வரும் கணக்கும் இவற்றைப் பற்றியதுதான். அல்பாட்ராஸின் கை ஒரே நீளக் கம்பம் இல்லை, நுனியில் யானைத் துதிக்கை மாதிரி இன்னொரு துண்டு மடங்கும். கையை உள்ளே இழுக்கும்போது கொக்கியில் தொங்கும் சரக்கு மேலே ஏறாமல், கீழே இறங்காமல், ஒரே மட்டத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மோட்டார் வீணாகப் பாரம் தூக்கும். நான்கு இணைப்புகளின் நீளத்தை மாற்றி மாற்றி, கொக்கி போகும் பாதையைப் புள்ளி புள்ளியாக டிராயிங் போர்டில் வரைவோம். கோடு எங்கே வளைகிறதோ அங்கே மறுபடி ஆரம்பி. இன்று கம்ப்யூட்டரில் நிமிட வேலை. ஆனால் எந்த இணைப்பை நீட்டினால் கோடு எந்தப் பக்கம் சாயும் என்பது இன்றும் எனக்குப் பார்த்தாலே தெரியும்.

பார்டர் விஷயத்துக்கு வருகிறேன். இடது பக்கம் 20 மில்லிமீட்டர், மற்ற மூன்று பக்கமும் 5. வலது கீழ் மூலையில் 185-க்கு 55 கட்டம். எழுத்து சாய்வு என்றால் 75 டிகிரி. இது அரசாங்கத் தரவிதி, ஒடேசாவிலும் அதே, விளாடிவொஸ்தோக்கிலும் அதே. இதைச் சரிபார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார், அவர் கையெழுத்து இல்லாமல் டிராயிங் நகராது. ஓர் ஊரில் வரையும் தாள் இன்னோர் ஊரின் தொழிற்சாலைக்கு நாளைக்கே போகலாம் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆகவே உங்கள் ஆலோசகர் மேல் கோபப்படாதீர்கள், அது ஐந்து வருடம் அடித்து ஏற்றிய பழக்கம்.

தேர்வு பெரும்பாலும் வாய்மொழிதான். மேஜையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து குறிப்பு எழுதலாம். அப்புறம் பேராசிரியர் முன்னால் போய்ப் பேச வேண்டும். சீட்டில் இருப்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் நிஜத் தேர்வு ஆரம்பிக்கும், சீட்டில் இல்லாத கேள்விகள் வரும். மதிப்பெண் ஐந்துக்கு. 5, 4, 3 என்றால் உடனே உன் மதிப்பெண் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். 2 என்றால் புத்தகத்தில் எதுவும் எழுத மாட்டார், மூடிக் கையில் கொடுத்துவிடுவார். புத்தகத்தில் தோல்வியின் தடமே இருக்காது!

கடைசியில் டிப்ளமா புராஜெக்ட். பெரிய ஏ1 தாள்களில் வரைபடங்கள், கூடவே தடித்த விளக்கக் குறிப்பு. கிரேனை வடிவமைத்தால் மட்டும் போதாது. அதனால் துறைமுகத்துக்கு எத்தனை ரூபிள் மிச்சம், தொழிலாளர் பாதுகாப்பு எப்படி என்று தனித்தனி அத்தியாயம் எழுதி, தனித்தனி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வுக் குழுவின் தலைவர் வழக்கமாகக் கல்லூரிக்காரர் இல்லை, தொழில் துறையிலிருந்து வரும் மூத்த பொறியாளர். அவர் தேற்றம் எல்லாம் கேட்க மாட்டார். 'இந்தப் போல்ட்டைக் கழற்ற ஸ்பானரை எந்தப் பக்கமாக விடுவாய்?' என்பார். பதில் வராமல் முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கம்யூனிச வகுப்பு பாதி நேரம் என்பது மிகை. ஆனால் முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம் வரை ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்: கட்சி வரலாறு, தத்துவம், அரசியல் பொருளாதாரம், கடைசியில் விஞ்ஞான கம்யூனிசம். உள்ளூர்ப் பையன்கள் பின் வரிசையில் உட்கார்ந்து டிராயிங் கணக்கு போடுவார்கள். ஆனாலும் அதில் கோட்டை விட்டால் டிப்ளமா இல்லை. இது போக அவர்களுக்கு ராணுவப் பாடம் இருந்தது, எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. செப்டம்பரில் கூட்டுப் பண்ணைக்கு அறுவடைக்குப் போவது தனி. என்னைக் கேட்டால், படிப்பு நேரத்தைத் தின்றது மார்க்ஸைவிட உருளைக்கிழங்கும் தக்காளியும்தான்.

மிதவை:
ஆற்றுப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன். ஆறு-கடல் இரண்டிலும் ஓடும் சிறிய சரக்குக் கப்பல்களில் ரஷ்யர்களோடு பல வருடம் வேலை பார்த்தவன். எங்கள் சீஃப் இன்ஜினியர் கார்க்கியில் படித்தவர், இப்போதைய நீஷ்னி நோவ்கொரோத். நம் ஆட்கள் ஒடேசா, லெனின்கிராட் பெயரை மட்டுமே சொல்வதற்குக் காரணம், கார்க்கி அப்போது வெளிநாட்டவர் நுழைய முடியாத மூடிய நகரம். வோல்கா கரையில் ஆற்றுப் படிப்புக்குப் பெயர் பெற்ற இடம், ஆனால் அந்நியருக்குக் கதவு சாத்தியிருந்தது. சைபீரிய ஆறுகளுக்கு நோவோசிபிர்ஸ்க்கில் இன்னொன்று, 1951-ல் வந்தது.

படிப்பும் வேறு. கடல்காரனுக்கு அலை, ஆற்றுக்காரனுக்கு ஆழம். அடியில் எத்தனை அங்குலத் தண்ணீர் இருக்கிறது, கப்பலை ஏற்றி இறக்கும் அணைப் பூட்டில் (லாக்) நுழைய எவ்வளவு அகலம், இதுதான் அவர்கள் கணக்கு. 1952-ல் வோல்கா-தொன் கால்வாய் திறந்த பிறகு ஆற்றிலிருந்து நேரே கடலுக்குப் போகும் கப்பல்கள் பெருகின, அவற்றுக்கு இரண்டையும் படிக்க வேண்டியதாயிற்று.

குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். கப்பல்கள் ஆற்றின் ஒதுக்குப்புறமான நீர்ப்பகுதிகளில் நிற்கும், அப்போதுதான் ரிப்பேர். மாணவர்களையும் அங்கே அனுப்புவார்கள். லேனா ஆற்றுப் பக்கம் உலர் துறை இல்லாமலேயே புரொப்பெல்லரைக் கழற்றுவதைப் பற்றி சீஃப் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றிப் பனிக்கட்டியை மேலிருந்து கொஞ்சம் வெட்டுவார்கள். அடியில் ஒரு மெல்லிய அடுக்கை விட்டுவிட வேண்டும். இரவுக் குளிரில் அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரும் உறைந்து கெட்டியாகும். மறுபடி வெட்டு, மறுபடி விடு. இப்படியே வாரக்கணக்கில் இறங்கினால் பனிச்சுவர்களோடு ஒரு குழி, நடுவில் புரொப்பெல்லரும் சுக்கானும் காய்ந்து நிற்கும். அவசரப்பட்டு ஒரு கொத்து அதிகமாகக் கொத்தினால் தண்ணீர் பீறிட்டுக் குழி நிரம்பிவிடும், அத்தனை நாள் வேலையும் போச்சு. இன்றும் அங்கே இப்படித்தான் செய்கிறார்கள்.

இன்ஜின் ரூம்:
ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம் நண்பர்களே. அந்தக் கேடட்கள் ஐந்து வருடத்துக்கும் மேல் படித்தாலும் வெளிநாடு போகும் கப்பலில் ஏற 'விசா' வேண்டும். இது அடுத்த நாடு கொடுக்கும் விசா அல்ல, சொந்த அரசாங்கம் கொடுக்கும் அனுமதி. குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் இருந்தாலே சந்தேகம். அது கிடைக்காதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் உள்நாட்டுக் கடலோரக் கப்பலோடு சரி. ஏறினாலும் அரசியல் பொறுப்பாளர் என்று ஓர் அதிகாரி கூடவே இருப்பார். வெளிநாட்டுத் துறைமுகத்தில் தனியாக இறங்க முடியாது, குழுவாகத்தான் போய் வர வேண்டும். நல்ல இன்ஜினியர்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த பலருக்கு மேனுவல் ஆங்கிலத்தில் இருந்தால் திண்டாட்டம்தான்.

நங்கூரம்:
எல்லோருக்கும் நன்றி. சார், இன்னும் இரண்டு கேள்வி. படித்து முடித்தவுடன் வேலையை அவர்களே கொடுத்துவிடுவார்களா, மறுக்க முடியாதா? பெண்கள் இந்தப் படிப்புக்கு வந்தார்களா?

பழைய ஒடேசாக்காரன்:
இன்ஜின் ரூம் சொன்னது உண்மை. விசா விஷயத்தில் மனம் உடைந்து கரை வேலைக்கு வந்தவர்களை எனக்கும் தெரியும்.

வேலை ஒதுக்கீட்டுக்கு ஒரு குழு உட்காரும். அமைச்சகத்திலிருந்து வந்த காலியிடப் பட்டியல் அவர்கள் கையில். சராசரி மதிப்பெண் வரிசையில் உள்ளே கூப்பிடுவார்கள், முதலில் போகிறவனுக்கு ஒடேசாவும் பக்கத்துத் துறைமுகமான இலிச்செவ்ஸ்க்கும் மிச்சம் இருக்கும். கடைசியில் போகிறவனுக்குத் தூரக் கிழக்கின் வானினோ, ஆர்க்டிக் கரையின் திக்ஸி. போன இடத்தில் 3 வருடம் இருந்தே ஆக வேண்டும். பதிலுக்கு அந்த 3 வருடமும் வேலையிலிருந்து லேசில் நீக்க முடியாது, படுக்க இடமும் அவர்கள் பொறுப்பு. கணவன் மனைவியைப் பிரித்து அனுப்ப மாட்டார்கள், அதனால் ஐந்தாம் வருடத்தில் கல்யாணங்கள் ஜாஸ்தி. ஆரம்பச் சம்பளம் சுமார் 120 ரூபிள். அதே துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி அதைவிடக் கூடுதலாக வாங்குவார். டிப்ளமாவை வீட்டில் வைத்துவிட்டு கிரேன் ஓட்டப் போன பட்டதாரிகளும் உண்டு.

பெண்கள் எங்கள் பக்கம் நிறைய, பொருளாதாரப் பிரிவில் அவர்கள்தான் அதிகம். கேடட் பள்ளிகள் ஆண்களின் இடம். ஆனால் அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒரு பெண் இருந்தார்: ஆன்னா ஷெட்டினினா. 1935-ல், 27 வயதில், ஹாம்பர்க்கிலிருந்து கம்சாத்கா வரை சரக்குக் கப்பலைக் கேப்டனாக ஓட்டிப் போனவர். அதன் பிறகே லெனின்கிராட் நீர்ப் போக்குவரத்து இன்ஸ்டிடியூட்டில் மாணவியாகச் சேர்ந்தார். போருக்குப் பின் லெனின்கிராடிலும், 1960-லிருந்து விளாடிவொஸ்தோக்கிலும் மாலுமிகளுக்குக் கற்பித்தார்.

கேட்காமல் ஒன்று சொல்கிறேன். 1986 ஆகஸ்ட் 31 இரவு, நோவரசீஸ்க்குக்குப் பக்கத்தில் 'அட்மிரல் நக்கீமொவ்' பயணிகள் கப்பலும் 'பியோத்தர் வாசெவ்' சரக்குக் கப்பலும் மோதின. நக்கீமொவ் பத்து நிமிடத்துக்குள் மூழ்கியது, 423 பேர் இறந்தார்கள். அது ஒடேசாவின் கப்பல். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியபோது ஊரே துக்க வீடு. சரக்குக் கப்பல் கேப்டன் கண்ணாடி வழியே பார்ப்பதை விட்டு ராடார் திரையின் கணக்கை நம்பினார் என்பது விசாரணையில் வந்தது, இரண்டு கேப்டன்களுக்கும் 15 வருடச் சிறை. அந்த வருடம் எங்கள் ஆட்டோமேஷன் ஆசிரியர், எல்லையைத் தொட்டதும் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் பற்றிய பாடத்தை மூன்று மடங்கு நீட்டினார். கிரேனில் ஒவ்வொரு தானியங்கி நிறுத்தத்துக்கும் 'இது வேலை செய்யாவிட்டால் ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதிக் காட்டினால்தான் புராஜெக்டில் கையெழுத்து. உங்கள் ஆலோசகர் அந்தச் சமயத்தில் அங்கே இருந்திருந்தால் அவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.