தண்டல் கடன் சட்டப்படி குற்றமா?

கேள்வி: திண்டுக்கல்லில் அக்கா பூக்கடை வைத்திருக்கிறார். 10,000 ரூபாய் கடனில் 1,500 பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். தினம் 100 வசூல். ஒருநாள் தவறினாலும் கடை முன் நின்று அசிங்கமாகத் திட்டுகிறார்கள். ‘கொடுக்கல் வாங்கல் விவகாரம்’ என்று போலீஸ் அனுப்பிவிடுமோ எனப் பயப்படுகிறார்.

பதில் 1: குற்றம்தான். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே விளக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

பதில் 2: தம்பி, பாக்கியை நீதிமன்றத்திலேயே கட்டவும் அதே சட்டத்தில் வழி உண்டு. தண்டல் அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அக்காவைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள்.