சங்கு ஊதியாச்சு, எல்லாரும் மேலே ஏறுங்கள்

சிங்கப்பூர், நவம்பர், சனிக்கிழமை மாலை, எங்கள் குடும்ப அரட்டைக் குழு

ஈசூன் அத்தை (4:06): மறுபடியும் மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை இது. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை, பேரன் நீச்சல்குளத்தில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மேலே ஏறச் சொல்லி விரட்டிவிட்டார்கள்.

ஈசூன் அத்தை (4:07): வகுப்புக்குக் காசு கட்டியது நான். பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு சிப்ஸ் தின்கிறான்.

அம்மா: இங்கே வுட்லண்ட்ஸில் ஒரே இருட்டு அண்ணி. இப்போதுதான் துணியெல்லாம் எடுத்து உள்ளே போட்டேன்.

ஈசூன் அத்தை: வுட்லண்ட்ஸ் இருட்டினால் ஈசூனில் ஏன் மூட வேண்டும்?

தம்பி: மின்னல் என்ன எம்ஆர்டி ரயில் பிடித்தா வரும் அத்தை 😂

ஈசூன் அத்தை: நீ சும்மா இரு. அந்த உயிர்காப்பாளர் பையனிடம் நேராகவே கேட்டேன், தம்பி, வானத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்று. அவன் சிவப்பு விளக்கைக் காட்டி, அது அணைந்தால்தான் ஆன்ட்டி என்கிறான். அவனுக்கு வயது இருபதுகூட இருக்காது.

நான்: அவன் சொன்னது சரிதான் அத்தை. மேகம் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மின்னல் இங்கே வந்து விழும், தலைக்கு மேலே மழை பெய்ய வேண்டும் என்றே இல்லை. அதுவும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானம் தாண்டினாலே இடிதான். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழுகிற இடங்களில் நம் ஊரும் ஒன்று என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்களே.

ஈசூன் அத்தை: எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுவிம்சேஃபர் நீச்சல் தேர்வு அடுத்த வாரம். மூன்று வகுப்பு போச்சு. அதற்கு யார் பதில் சொல்வது?

அம்மா: அது இருக்கட்டும் அண்ணி, கனடாக்காரி முழித்திருக்கிறாளா? டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு, டொரோண்டோவில் சறுக்கி விளையாடுகிற அந்தத் திறந்தவெளி ஐஸ் ரிங்க் எப்போது திறக்கும் என்று கேட்க வேண்டும். பையன் தினமும் உயிரை வாங்குகிறான்.

தம்பி: அம்மா அங்கே இப்போது விடியற்காலை மூன்று மணி

கனடா அக்கா (4:15): முழித்துத்தான் இருக்கிறேன் சித்தி. ராத்திரி ஷிப்ட். ஐஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஈசூன் அத்தை: ஐஸ் போடுவதற்கா அவ்வளவு தூரம் போனாய்? என் ஃப்ரிட்ஜில் அடுக்கடுக்காகக் கட்டிக் கிடக்கிறது, வந்து சுரண்டிவிட்டுப் போ.

கனடா அக்கா: அதே ஃப்ரிட்ஜ்தான் அத்தை, கதவு மட்டும் இல்லை 😄 கான்கிரீட் தளத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் குழாய் ஓடுகிறது. அதற்குள் கால்சியம் குளோரைடு கலந்த உப்புத் தண்ணீர். பக்கத்து அறையில் இருக்கிற அம்மோனியா இயந்திரம் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர வைத்து அனுப்பும், உப்பு இருப்பதால் அது உறையாது. தளம் நன்றாகக் குளிர்ந்த பிறகு மேலே தண்ணீரைப் பனித்தூறல் மாதிரி தெளிக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் காற்றுக் குமிழியும் பள்ளமுமாக நிற்கும். ஒரு படலம், அது உறைந்ததும் இன்னொன்று, இப்படியே இரவும் பகலும் மாற்றி மாற்றி ஆள் நின்று போட வேண்டும். நடுவில் வெள்ளைச் சாயம் அடிப்போம், அது அழகுக்கு இல்லை, வெயிலைத் திருப்பி அடிப்பதற்கு. கான்கிரீட் நிறத்திலேயே விட்டால் வெயிலை இழுத்து அடியிலிருந்தே இளகும். ஒரு காய்ந்த இலை ஐஸில் விழுந்து கிடந்தால்கூட அந்த இலை அளவுக்குச் சரியாக ஒரு குழி விழுந்திருக்கும், காலையில் வந்து பார்த்தால் தெரியும்.

கனடா அக்கா: சித்தி, டொரோண்டோவில் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் திறப்பார்கள், மார்ச் நடுவரை ஓடும். நகராட்சியின் வெளி ரிங்க்குகளில் சும்மா போய்ச் சறுக்கக் காசு கிடையாது. சிட்டி ஹால் முன்னால் நேத்தன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தில் இருப்பதற்குத்தான் எல்லாரும் படம் பிடிக்கப் போவார்கள். 1965இல் அந்தக் கட்டடம் திறந்ததிலிருந்தே இருக்கிறது, கோடையில் அதே இடம் தண்ணீர் நிரப்பிய குளம். ஆனால் எனக்குப் பிடித்தது பென்ட்வே, மேம்பால நெடுஞ்சாலைக்கு அடியில் எட்டு மாதிரி வளைந்து போகிற 220 மீட்டர் ஐஸ் பாதை. தலைக்கு மேலே பாலம் இருப்பதால் வெயில், மழைத் தொல்லையும் குறைவு. எங்கள் மேலாளர் அந்தப் பாலத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்.

தம்பி: ஜேகியூப் கடைத்தொகுதி ரிங்க்கில் ஆறு வருடம் சறுக்கக் கற்றுக்கொண்டேன் அக்கா. 2012இல் திறந்தபோது ஒலிம்பிக் அளவு ரிங்க் என்று ஊரே பேசியது, 2023 ஆகஸ்டில் கட்டடத்தையே மூடிவிட்டார்கள். பிளேடு வைத்த ஸ்கேட்ஸ் காலணி கட்டிலுக்கு அடியில் துருப்பிடிக்கிறது

அம்மா: போன வாரம் உன் அப்பா அதைப் பழைய சாமான் வாங்குகிற கராங்குனிக்காரரிடம் கொடுக்கப் பார்த்தார், நான்தான் பிடுங்கி வைத்தேன்.

கனடா அக்கா: எடுத்துக்கொண்டு வா, நான் தீட்டித் தருகிறேன். ஆனால் ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வருகிற அன்று மூடியிருந்தால் என்னைத் திட்டக் கூடாது. ஐஸ் விஷயத்தில் குளிர் இருக்கிறதா இல்லையா என்பதைவிட வெயிலும் மழையும்தான் பெரிய தலைவலி. பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரி இருந்தால்கூட மேகமூட்டமாக இருந்தால் இயந்திரம் சமாளித்துவிடும். பளிச்சென்று வெயில் அடித்தாலோ கொட்டோ கொட்டென்று மழை கொட்டினாலோ போச்சு.

கனடா அக்கா (4:31): போன கிறிஸ்துமஸ் வாரம் அப்படித்தான் ஆனது. ராத்திரி முழுக்க மழை, காலையில் மழை விட்டு அழகான வெயில், மக்கள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். மேலே பார்த்தால் ஐஸ் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஓரத்தில் துளை போட்டுப் பார்த்தால் பாதித் தடிமன்தான் நிற்கிறது. நான் ஒரு பலகையைத்தான் மாட்டினேன். ஒருவர் இரண்டு பிள்ளைகளை ஸ்கேட்ஸோடு நிற்க வைத்துக்கொண்டு கத்தினார், எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யச் சோம்பேறித்தனம் என்று. வெளியே உட்கார்ந்து ஸ்கேட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்கு ரொம்ப நாள் மறக்கவில்லை.

ஈசூன் அத்தை: நான் யாரிடமும் கத்தவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

தம்பி: 👀

பெரியப்பா (4:38): தட்டச்சு செய்கிறார் என்று வந்து வந்து போகிறதே என்று யாரும் சிரிக்க வேண்டாம். கண்ணாடி போடாமல் அடிக்கிறேன்.

பெரியப்பா (4:49): கால்சியம் குளோரைடு என்று சொன்னாயே, அதையேதான் நாங்களும் குளத்தில் போடுவோம். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் அது பசி எடுத்த தண்ணீர், ஓடுகளுக்கு நடுவே இருக்கிற சிமெண்டைத் தின்ன ஆரம்பிக்கும். அதற்கு இதைக் கலந்து கொடுப்போம். வெயிலும் அப்படித்தான். காலை ஏழு மணிக்குக் குளோரின் சரியாக இருக்கும், உச்சி வெயில் இரண்டு மணி நேரம் அடித்தால் அளவு இறங்கிவிடும், அப்புறம் நாற்பது பிள்ளைகள் குதித்தால் கேட்கவே வேண்டாம். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துவிட்டு மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இருபத்தெட்டு வருடம் பார்த்தேன். இன்றைக்கும் தே ஓ, அதுதான் பால் சேர்க்காத தேநீர், கோப்பையைக் கையில் எடுத்தால் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.

பெரியப்பா (4:58): அந்தக் காலத்தில் சிவப்பு விளக்கு கிடையாது. வானத்தைப் பார்த்து, காதால் கேட்டு, நாமே முடிவு செய்ய வேண்டும். ஒரு முறை பள்ளி நீச்சல் போட்டி, பெற்றோர் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இறுதிப் போட்டி ஆரம்பிக்கப் போகிற நேரம். தூரத்தில் ஒரே ஒரு முறை உறுமியது. நான் விசில் ஊதிவிட்டேன். முக்கால் மணி நேரம் எல்லாரும் நடைபாதையில் நின்றார்கள். மின்னல் வரவில்லை, மழைகூட வரவில்லை. யாரோ புகார் எழுதிவிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். விழாத மின்னலுக்கு நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். உன் அம்மாதான் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

கனடா அக்கா: அப்பா, இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை.

பெரியப்பா: நீ கேட்டதில்லை. நீ எஞ்சினியர் ஆகப் போகிறாய் என்று இருந்தோம்.

கனடா அக்கா: 🙂 கோடையில் நானும் குளத்துக்குத்தான் போகிறேன் அப்பா. இதே குழுதான், குளிர்காலத்தில் ஐஸ், ஜூன் வந்தால் வெளிக் குளம், பிள்ளைகள் விளையாடுகிற தண்ணீர்ப் பூங்கா. ஐஸ் எடுத்த தளத்தில் பையன்கள் பந்து ஹாக்கி ஆடுவார்கள், சக்கரம் வைத்த ஸ்கேட்ஸ் ஓட்டுவார்கள். ஸ்கேட்ஸ் மாற்றுகிற அறைதான் நீச்சலுடை மாற்றுகிற அறை. இப்போது குளோரின் சோதிக்க மாத்திரை போட்டால் சோதனைக் குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், உங்கள் மஞ்சள் போய்விட்டது. செப்டம்பரில் குளத்தை மூடினால் குழாய் ஒவ்வொன்றிலும் காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், குழாயின் ஒரு முழங்கை வளைவில் கொஞ்சம் தங்கினாலும் ஜனவரியில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர் உறையக் கூடாது என்று பாடு, அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம் உறைய வேண்டும் என்று பாடு.

பெரியப்பா: ஐஸ் தேய்ந்துபோனால் எப்படிச் சரி செய்வீர்கள்? மேலே பச்சைத் தண்ணீரா?

கனடா அக்கா: சுடுதண்ணீர்!

ஈசூன் அத்தை: ஐஸ் மேல் சுடுதண்ணீரா? என்னைப் பார்த்தால் கேலியாக இருக்கிறதா?

கனடா அக்கா: உண்மை அத்தை. அறுபது எழுபது டிகிரி சூட்டில் விடுவோம். அது பழைய ஐஸின் மேல் தோலைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டிக்கொண்டு உறையும், கீறல் எல்லாம் அடைபடும். சூடாக்கினால் தண்ணீரில் இருக்கிற காற்றும் குறைந்துவிடும், ஐஸ் கெட்டியாக நிற்கும். ஜம்போனி என்று ஒரு வண்டி இருக்கிறதே, முதலில் பிளேடு சீவிக்கொண்டே போகும், அதற்குப் பின்னால் சுடுதண்ணீர் விட்டுத் துணியால் இழுத்துக்கொண்டே வரும். 1949இல் அதைச் செய்தவர் இருந்தது எங்கே தெரியுமா? தெற்குக் கலிபோர்னியாவில், பனி விழுவதே அபூர்வமான இடத்தில். அதற்கு முன்னால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலை. எனக்குப் போன வருடம்தான் ஓட்ட அனுமதி கிடைத்தது, திருப்பத்தில் இன்னும் பயம்தான்.

பெரியப்பா: நம் ஊரில் முதல் பொதுக் குளமும் அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று ஆனதுதான். மவுண்ட் எமிலியில் குடிதண்ணீர்த் தேக்கமாக இருந்ததைத்தான் 1931இல் நீச்சல்குளமாக மாற்றினார்கள். நான் பையனாக அங்கேதான் கற்றுக்கொண்டேன். தேக்கா சந்தையில் அப்பா காய் வாங்கி முடிப்பதற்குள் ஓடிப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவேன், தலை ஈரத்தை வைத்தே பிடித்துவிடுவார். 1981இல் அதை மூடினார்கள். அப்போது யாரிடம் போய்க் கத்துவது.

அம்மா: நல்ல கதைதான், ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒட்டாவா கால்வாயிலும் சறுக்க வேண்டும் என்று இவன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான்.

கனடா அக்கா: ரீடோ கால்வாயா? டிசம்பரில் வேண்டாம் சித்தி, அது ஜனவரிக்குத்தான். அங்கே குழாயும் கிடையாது, இயந்திரமும் கிடையாது, 7.8 கிலோமீட்டரும் தானாக உறைகிற தண்ணீர். சுமார் 30 சென்டிமீட்டர் தடிமன் வந்தால்தான் ஆளை விடுவார்கள், துளை போட்டு அளந்துகொண்டே இருப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, 1970களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிற ஏற்பாடு, அப்படி ஆனது அதுவே முதல் முறை. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அது சாவு வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது. பூங்காக்களில் அக்கம்பக்கத்துக்காரர்களே ராத்திரி ஹோஸ் பிடித்து நீர் விட்டு உண்டாக்குகிற ரிங்க்குகளும் உண்டு, அதெல்லாம் ஒரு சில நாள் தொடர்ந்து கடுங்குளிர் கிடைத்தால்தான். தன்னார்வலர்கள், சம்பளம் இல்லை, அவர்களுக்கும் திட்டு உண்டு.

தம்பி: சரி லா, டொரோண்டோ போதும். மேட்ச் ஆடுகிற மாதிரி கையுறை வேண்டுமா அக்கா

கனடா அக்கா: சாதாரணக் கம்பளிக் கையுறை போதும், ஆனால் இரண்டு ஜோடி, விழுந்தால் முதல் ஜோடி நனைந்துவிடும். தலைக்கவசம் கட்டாயம் போடு. சித்தி, தடியான காலுறை இரண்டு மாட்டிக்கொண்டு வர வேண்டாம், ஸ்கேட்ஸுக்குள் ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் சில்லிடும். மெல்லியதாக ஒன்று போதும். அப்புறம் கறிவேப்பிலை வேண்டாம், நெல்லிக்காய் ஊறுகாய் மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அம்மா: ஊறுகாய் போட்டாச்சு.

பெரியப்பா: அந்த மனிதர் கத்தினாரே, பிறகு என்ன செய்தாய்?

கனடா அக்கா (5:21): ஒன்றும் சொல்லவில்லை அப்பா. துளை போட்ட இடத்துக்கு அவரைக் கூட்டிப் போய் உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிள்ளைகளுக்கு ஹாட் சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை 😄

ஈசூன் அத்தை (5:24): விளக்கு அணைந்தது. இறங்கிவிட்டார்கள். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் லாபம்.

ஈசூன் அத்தை (5:26): அண்ணன், அந்தப் பையனுக்கு ஒரு மைலோ பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். வேலை நேரத்தில் வாங்கக் கூடாதாம். பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

பெரியப்பா: பெஞ்சில் வைத்தால் எறும்பு வரும்.

ஈசூன் அத்தை (5:33): மறுபடியும் சங்கு.

தம்பி: 😭😭

பெரியப்பா: வெளியே வரச் சொல்.

ஈசூன் அத்தை: நான் சொல்வதற்கு முன்னாலேயே அவனே ஏறிவிட்டான்.