வழக்கு நிலுவையில் இருக்கும்போது வேலைக்காக வெளிமாநிலம் செல்லலாமா?

கேள்வி – பாபநாசம் வாசகர்

ஐயா, வணக்கம். வரப்புத் தகராறு ஒன்றில் சென்ற ஆண்டு என் மீதும் என் அண்ணன் மீதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, அமர்வு நீதிமன்றத்தில் நிபந்தனை ஜாமீன் பெற்றோம். காவல் நிலையத்தில் நாள்தோறும் இட்டுவந்த கையெழுத்து, பிறகு திங்கட்கிழமை மட்டும் என்று தளர்த்தப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நடுவர் நீதிமன்றத்தில் அதன் நகலை எங்களுக்கு வழங்க வாய்தா போட்டிருக்கிறார்கள். இந்நிலையில் புனேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். குற்றப்பத்திரிகை வந்துவிட்டாலே கையெழுத்து நிபந்தனை தானாக முடிந்துவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பிப் புறப்படலாமா?

பதில் – தஞ்சை வழக்கறிஞர்

தம்பி, அப்படிப் புறப்பட வேண்டாம். ஜாமீன் உத்தரவின் நகலை எடுத்து, கையெழுத்து 'இறுதி அறிக்கை (அதாவது குற்றப்பத்திரிகை) தாக்கலாகும் வரை' என்றிருக்கிறதா, 'மறு உத்தரவு வரும் வரை' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், நீதிமன்றமே தளர்த்தாதவரை அந்த நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தும். மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கோரி அரசுத் தரப்பு மனுப் போடலாம். எனவே, நிபந்தனை விதித்த அமர்வு நீதிமன்றத்திலேயே தளர்வு மனு தாக்கல் செய்யுங்கள். பணி நியமனக் கடிதம், புனேயில் தங்கப்போகும் முகவரி, இதுவரை தவறாமல் கையெழுத்திட்ட விவரம், அழைக்கும் நாளில் ஆஜராவேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் காவல் நிலையத்தின் கருத்தைப் பெற்றுச் சொல்ல அவகாசம் கேட்பார் என்பதால், இந்த வாரமே தொடங்குங்கள்.

பிழைப்புக்காக ஊர் மாறுவது நியாயமான காரணம். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஜாமீனில் இருப்பவரின் இருப்பிடத்தைக் காவல்துறை கூகுள் வரைபடத்தில் தொடர்ந்து பார்க்கும்படியான நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2024 ஜூலையில், ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் நீக்கியதையும் நினைவில் வையுங்கள்.

வாய்தாக்களுக்கு வேறு வழி உண்டு. ஒரு நாள் வர இயலாவிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 355ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 317) வழக்கறிஞர் அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்பார். தொடர்ந்து வழக்கறிஞர் மூலமே ஆஜராக 228ஆம் பிரிவில் (பழைய 205) மனுச் செய்யலாம். சாட்சி விசாரணையின்போது உங்கள் அடையாளத்தை மறுக்க மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் அம்மனு வலுப்பெறும். ஆனாலும் அது நடுவரின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அவர் எந்த நிலையிலும் உங்களை நேரில் வரச் சொல்லலாம்.

பதில் – மன்னார்குடி வாசகர்

உங்களுக்கு ஜாமீன்தாரராக நின்றவர்களிடம் முதலில் சொல்லுங்கள். எங்கள் உறவினர் பையனுக்காக நானும் என் மைத்துனரும் வீட்டு வரி ரசீதைக் கொடுத்துக் கையெழுத்திட்டோம். அவன் யாரிடமும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்டு பிறந்தது, பிணைத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்டு எங்கள் இருவருக்கும் நோட்டீஸ் வந்தது. எழுபது வயதில் என் மைத்துனர் நீதிமன்ற வராந்தாவில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. நம் மேல் நம்பிக்கை வைத்தவர்களை அந்த நிலைக்கு ஆளாக்கக் கூடாது, தம்பி. வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வாங்கி, நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டுவைத்தால், அடுத்த வாய்தா தேதியைப் புனேயிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. நிறுவனத்தின் படிவத்தில் 'நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விடலாமா? நகல் வாங்கும் நாளில் நான் நேரில் இருக்க வேண்டுமா?

பதில் – தஞ்சை வழக்கறிஞர்

வெறுமையாக விடாதீர்கள். தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால் 'இல்லை' என்பது உண்மையான பதில். நிலுவை வழக்கையும் கேட்டிருப்பதால், வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தையும் குறிப்பிட்டு, விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்று எழுதுங்கள். நிலுவை வழக்கைக் காட்டிலும், மறைத்தது பின்னால் தெரியவருவதே வேலைக்கு ஆபத்து. நகல் வழங்கும் நாளில் அண்ணனுடன் நேரில் வந்துவிடுங்கள். வக்காலத்தையும் (வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) 228 மனுவையும் அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம்.